மூன்று 'பேக்'

முதுகுக்கு ஆங்கிலத்தில் பேக். தோளில் மாட்டும் பையும் பேக். ஊருக்குப் போகும்போது துணிமணியை எடுத்து அடுக்குகிறோமே, அதுவும் பேக். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான், வேறு மாதிரி எழுத நம்மிடம் எழுத்து இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களின் காதுக்கு இவை மூன்று தனித்தனிச் சொற்கள், நமக்கு மலை, மழை, மனை மூன்றும் வேறு வேறாகக் கேட்பதைப் போல. இவற்றை மூன்றாகச் சொல்ல எனக்கு இருபத்துமூன்று வயது வரைக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாது.

நான் பிறந்தது மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார், பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது குலை வெட்டப் போனார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன், அப்புறம் டவுனில் இடைநிலைப் பள்ளிக்கு முந்தின ஓராண்டு ரிமூவ் கிளாஸ், பிறகு ஐந்தாம் படிவம் வரை. வீட்டில் தமிழ், கடையில் மலாய். ஆங்கிலம் புத்தகத்தில் இருந்தது, வாயில் இல்லை. எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவேன், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளிகூட வாங்கினேன். அதை நம்பித்தான் ஈப்போவில் ஒரு வாகனக் காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே என் வேலை, காப்புறுதி புதுப்பிக்க வருகிறவர்களின் வண்டி எண்ணைப் போனில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது. நம் நாட்டு வண்டிகளில் முதல் எழுத்தே மாநிலத்தைக் காட்டிவிடும். பேராவுக்கு ஏ. பினாங்குக்கு ஒரு 'பி', சிலாங்கூருக்கு இன்னொரு 'பி'. திரங்கானுவுக்கு ஒரு 'டி', கிளந்தானுக்கு இன்னொரு 'டி'. இப்போது தமிழில் எழுதும்போதே பாருங்கள், எது எது என்று உங்களுக்கும் தெரியாது. நான் பினாங்கு வண்டி ஒன்றைச் சொன்னேன், எதிர்முனையில் சிலாங்கூர் என்று எழுதிக்கொண்டார்கள், அச்சாகி வந்த சீட்டை நானும் சரிபார்க்காமல் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்து அவருடைய வண்டி எங்கேயோ இடிபட்டு, இழப்பீடு கேட்கப் போன இடத்தில் இப்படி ஒரு வண்டியே பதிவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பல வாரம் அலைந்துதான் அதைச் சரிசெய்தோம். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. என் மேலாளர்தான் எல்லோருக்கும் முன்னால், இந்தத் தோட்டத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு இனிமேல் போனைத் தொடாதே என்றார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அந்த ஓர் எழுத்தை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அம்மாதான் அந்த டீச்சரைப் பற்றிச் சொன்னார். தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பழைய கிராணியார் ஒருவரின் மகள், யாழ்ப்பாண வழி வந்தவர், ஓய்வு பெற்று டவுனில் தனியாக இருந்தார். போய்க் கேட்டேன். காசு வேண்டாம், கண் மங்கிவிட்டது, வரும்போதெல்லாம் தமிழ்ப் பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டு, அது போதும் என்றார். முதல் நாள் ஆங்கிலமே பேசவில்லை. "பாம்பு எண்டு சொல்லு, பிள்ளை" என்றார். சொன்னேன். "இன்னொருக்கா. மெல்லமாச் சொல்லு. முதல் ப-வும் கடைசி ப-வும் ஒண்டோ?"

எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல். அன்றைக்குத்தான் கேட்டேன். முதல் ப-வில் தொண்டை சும்மா இருக்கிறது, உதடு மட்டும் பிரிகிறது. ம்-க்குப் பின்னால் வருகிற ப-வில் தொண்டையும் சேர்ந்து அதிர்கிறது. விரலைக் குரல்வளையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், கையிலேயே தெரியும். தந்தை என்னும் சொல்லில் இரண்டு த-வும் அப்படித்தான், குரங்கில் இரண்டு கு-வும் அப்படித்தான். பத்து மணி பஸ் என்கிறோமே, பத்தின் ப வேறு, பஸ்ஸின் ப வேறு. இரண்டு ஒலியும் நம் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கின்றன. ஆனால் தமிழ்ச் சொற்களில் எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகிறது, நாம் முடிவு செய்வதில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் நாம்தான் முடிவு செய்யவேண்டும், ஏனென்றால் அது மாறினால் பொருளே மாறிவிடும். எனக்கு இல்லாத ஒன்றைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை, இருப்பதை வேண்டிய இடத்தில் எடுக்கப் பழகினால் போதும் என்று தெரிந்ததும் மனசில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

நம் மலேசியத் தமிழர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, மலாய். காலைப்பொழுதுக்கும் 'பாகி', கொடு என்பதற்கும் 'பாகி', ஆனால் எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் அவற்றைக் குழப்புவதில்லை. நுரையீரலுக்கும் 'பாரு', புதிது என்பதற்கும் 'பாரு'. சம்பளத்துக்கும் 'காஜி', ஆராய்வதற்கும் 'காஜி'. சம்பளக் காஜியை யாராவது மாற்றிச் சொன்னால் நமக்கே காது உறுத்தும். அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நான் ஆங்கிலச் சொல்லில் தொடங்குவதில்லை, இந்த மலாய்ச் சொற்களில்தான் தொடங்குகிறேன். தொண்டையில் விரலை வைத்துப் பத்து முறை 'பாகி, பாகி', காலை ஒருமுறை கொடு ஒருமுறை.

சரி, அப்படியென்றால் போனில் ஏன் என் 'பி' தப்பாகப் போனது? பினாங்கின் எழுத்தைத் தொண்டை அதிராமல்தான் சொன்னேன். இங்கேதான் தமிழும் மலாயும் கைகொடுக்காத இடம் வருகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் அந்த அதிராத வல்லின ஒலியோடு ஒரு காற்று வெடித்து வெளியே வரவேண்டும். நம் ப-வில் அந்தக் காற்று இல்லை, மலாய் ப-விலும் இல்லை. காற்று வராததால் ஆங்கிலக் காது அதை மற்ற 'பி' என்று எடுத்துக்கொள்கிறது. டீச்சர் மெழுகுவத்தியைக் கொளுத்தி வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். பழம் என்று சொன்னேன், சுடர் அசையவில்லை. அவர் ஆங்கிலத்தில் பேரிக்காயைச் சொன்னார், சுடர் மடங்கியது. கரடியைச் சொன்னார், நின்றபடி எரிந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் 'பேர்'.

பிள்ளைகளோடு செய்யும்போது நெருப்பு வேண்டாம், டிஷ்யூவை விரல் அகலத்துக்குக் கிழித்து மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டால் போதும். ஊசிக்குரிய 'பின்' சொன்னால் தாள் பறக்கவேண்டும், குப்பைத் தொட்டி 'பின்' சொன்னால் பறக்கக்கூடாது. பத்துக்குரிய 'டென்', குகைக்குரிய 'டென்'. போட்டுக்கொள்ளும் 'கோட்', மேயும் 'கோட்'. க-வில் தாள் குறைவாகத்தான் அசையும், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்தால் சூடாகத் தெரியும்.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யவேண்டாம். காற்று விடுவது கைவந்ததும் எல்லா இடத்திலும் விட ஆரம்பித்தேன். முன்னால் ஸ் வந்துவிட்டால் ஆங்கிலத்திலும் காற்று கிடையாது, சுழலும் 'ஸ்பின்'னில் வருவது கிட்டத்தட்ட நம் ப-தான், தாள் அசையக்கூடாது. இன்னொன்று, வீட்டில் தமிழ் பேசும்போதும் ஊத ஆரம்பித்துவிட்டேன், ஏன் பழம் என்று சொல்லும்போது இப்படி ஊதுகிறாய் என்று அம்மா கேட்டபிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து பயிற்சியை ஒரு தமிழ் வாக்கியம் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்துக்காகத் தமிழ் ஒலியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

வாயைவிடக் காதுக்குத்தான் முதல் பயிற்சி என்பதை டீச்சர் பிடிவாதமாகச் சொல்வார். கேட்காததைச் சொல்ல முடியாது. என் தம்பி அப்போது நாலாம் படிவம், அவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பட்டியலிலிருந்து இருபது சொல் வாசிப்பான், நான் திரும்பிப் பார்க்காமல் கரடியா பேரிக்காயா என்று கைதூக்கவேண்டும். முதல் வாரம் இருபதுக்குப் பதினொன்று. கண்ணை மூடிக் குத்துமதிப்பாகச் சொன்னாலே பத்து வருமே, அதாவது எனக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் பத்தொன்பது வந்தது. சந்தோஷத்தோடு டீச்சரிடம் போனேன், அவர் வாசித்தார், பதின்மூன்றுதான். தம்பியின் குரலுக்குத்தான் என் காது பழகியிருந்தது. பல வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன், 1991இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. ர-வும் ல-வும் ஒன்றாகக் கேட்கும் ஜப்பானியர்களுக்கு, ஒரே குரலில் இல்லாமல் பல பேரின் குரலில் சொற்களைக் கேட்க வைத்துப் பழக்கியிருக்கிறார்கள், அவர்கள் காது தேறியிருக்கிறது. (ர, ற, ல, ள, ழ அத்தனையும் வைத்திருக்கும் நமக்கு அந்த ஒரு சங்கடம் இல்லை. அமெரிக்கர்களின் ர-வுக்கு நம் ழ ரொம்பப் பக்கம், அதை வைத்தே தொடங்கலாம்.) இப்போது கைப்பேசியில் எத்தனை குரல் வேண்டுமானாலும் கிடைக்கிறது, ஆண், பெண், சின்னப் பிள்ளை, வயதானவர் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

அடுத்தது சொல்லின் கடைசி. நம் ஊரில் எல்லோருக்கும் இங்கேதான் சறுக்குகிறது, மலாய்க்காரர், சீனர் உட்பட. மலாயில் காரணத்துக்கு 'செபாப்' என்கிறோமே, எழுத்தில் கடைசியில் இருப்பது அதிரும் ப, ஆனால் வாயில் வருவது அதிராத ப. அதே பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்துவிடுகிறது, முதுகும் பையும் ஒன்றாகிவிடுகின்றன. நான் ரொம்ப நாள் பையின் கடைசி ஒலியை அழுத்தி அழுத்திச் சொன்னேன். அழுத்தியதும் பின்னால் ஓர் உ ஒட்டிக்கொண்டது, 'பேகு'. டீச்சர் அதைத் திருத்திய விதம் இன்றைக்கும் மறக்கவில்லை. கடைசி எழுத்தை விட்டுவிடு பிள்ளை, அதற்கு முன்னால் இருக்கிற உயிரைப் பார் என்றார். அதிரும் ஒலி கடைசியில் வந்தால் அதற்கு முந்தின உயிர் நீளும், அதிராத ஒலி வந்தால் சட்டென்று வெட்டுப்படும். தமிழ்ப்பள்ளியில் அளபெடை படித்தோமே, அந்த மாதிரி நீட்டு. பை என்றால் 'பேஎக்', முதுகு என்றால் 'பேக்'. தொப்பிக்கு 'கேப்', டாக்சிக்கு 'கேஎப்'. இருக்கைக்கு 'சீட்', விதைக்கு 'சீஇட்'. கடைசி ஒலியை மெதுவாக விட்டாலும் பரவாயில்லை, நீளத்தை வைத்தே கேட்கிறவர் புரிந்துகொள்வார். எனக்கு மிகச் சீக்கிரமாகப் பலன் கொடுத்தது இந்த ஒன்றுதான், இரண்டே நாளில்.

மூன்றாவது பேக், மூட்டை கட்டுவது, முதுகைப் போலவே வெட்டுப்படும், ஆனால் முதலில் காற்று. ஆக மூன்றும் இப்படி: காற்று இல்லை வெட்டு, காற்று இல்லை நீட்டு, காற்று வெட்டு.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைப்பது நம் பிள்ளைகளின் வழக்கம், நானும் அப்படித்தான் படித்தேன். அதை நிறுத்தச் சொல்லுங்கள். எந்த வித்தியாசத்தைக் கற்கவேண்டுமோ அதையே அந்த எழுத்து அழித்துவிடுகிறது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் டீச்சர் சொன்ன வழி ஒன்று இருக்கிறது, தொண்டை அதிரும் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி, காற்று வரும் எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு. இல்லையென்றால் படம் வரையுங்கள். நான் கரடியும் பேரிக்காயும் வரைந்த அட்டைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

மற்றவை இவ்வளவு நாள் எடுக்கவில்லை. அரிசியும் 'ரைஸ்', எழுவதும் 'ரைஸ்', விலையும் பரிசும் 'ப்ரைஸ்'. பாம்பு மாதிரிச் சீறுங்கள், சீறிக்கொண்டே தொண்டையை அதிரவிடுங்கள், வண்டு பறக்கும் சத்தம் வரும், அந்த வண்டுதான் இரண்டாவது ஒலி. காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு செய்தால் மண்டைக்குள் இரைச்சலாகவே கேட்கும், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஸ-வுக்கும் ஷ-வுக்கும் உதட்டிலும் நாக்கிலும்தான் வித்தியாசம், ஷ-வில் உதடு கொஞ்சம் குவியும், நாக்கு உள்ளே போகும். நிறுவனத்தை மலாயில் 'ஷரிக்காட்' என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது வந்துவிடும்.

ஃப. நம் பெரியவர்கள் காற்றாடியையும் வாணலியையும் 'பேன்' என்பார்கள், நகலும் 'காப்பி', குடிக்கிறதும் 'காப்பி'. ப-வுக்கு இரண்டு உதடும் மூடும், இதற்கு மேல்பல் கீழுதட்டில் தொட்டபடி நிற்கும், காற்று கசியும், அவ்வளவுதான். அப்படியே வாயை மாற்றாமல் தொண்டையை அதிரவிட்டால் உள்பனியன் 'வெஸ்ட்'டின் வ கிடைத்துவிடும். வகாரம் பல்லும் இதழும் சேரப் பிறக்கும் என்று நம் இலக்கணம் எப்போதோ சொல்லிவிட்டது, ஆனால் பேச்சில் நாம் பல்லைச் சரியாகத் தொடுவதில்லை, அதனால் நம் வ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேற்குத் திசையின் 'வெஸ்ட்'டுக்குப் பல்லே படக்கூடாது. ஊதப்போகிற மாதிரி உதட்டைக் குவித்து உ-வில் தொடங்குங்கள், 'உஎஸ்ட்' என்று மெதுவாக, பிறகு வேகமாக. இதற்குக் கண்ணாடி வேண்டும். பல் தெரிகிறதா இல்லையா என்று கண்ணே சொல்லிவிடும்.

மூன்று என்பதற்கு நம் ஊரில் பாதிப்பேர் மரத்தைச் சொல்கிறோம், 'ட்ரீ'. நம் த-வில் நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் அடைத்துக்கொள்கிறது. அடைக்காமல் நுனியைப் பல்லுக்கு அடியில் கொஞ்சம் நீட்டிக் காற்றைக் கசியவிட்டால் மூன்று வந்துவிடும். அதிரும் த இன்னும் சுலபம். 'அது' என்று சொல்லிப் பாருங்கள், சாதாரணப் பேச்சில் சொல்வது மாதிரி. நடுவில் இருக்கும் த அடைக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதல்லவா, ஆங்கிலக்காரர் அம்மாவை 'மதர்' என்பதில் இருப்பது கிட்டத்தட்ட அதேதான். அ-வை மனசுக்குள் சொல்லிவிட்டு மீதியை வெளியே விடுங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். நான் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு சோடி ஒலி, ஒரு வாரத்துக்கு அதே சோடி. தனிச் சொல்லில் தொடங்கி வாக்கியத்துக்குப் போகவேண்டும், தனியாகச் சரியாக வருவது வாக்கியத்தில் வழுக்கும். குரலைப் பதிவு செய்துவிட்டு உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் என்ன சொல்ல நினைத்தோமோ அதுதான் காதில் விழும், மறுநாள்தான் என்ன சொன்னோம் என்பது கேட்கும். என்னுடைய பதிவுகளை எட்டு மாதம் இப்படிக் கேட்டேன்.

அந்த அலுவலகத்தில் மறுபடியும் போன் என் மேசைக்கு வந்தது, அடுத்த வருடம். அப்போதுகூட எழுத்துகளை வெறுமனே சொல்லவில்லை, 'பினாங்குக்கு பி', 'சிலாங்கூருக்கு பி' என்று ஊரைச் சேர்த்துத்தான் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான். ஏனென்றால் எல்லாத் தப்பும் நம் வாயில் இல்லை. பழைய தொலைபேசிக் கம்பி சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலியைத்தான் கடத்தும், ஸ-வின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது, அதனால் ஆங்கிலேயர்களுக்கே 'எஃப்' எது 'எஸ்' எது என்று போனில் குழம்பும். விமானிகள் ஆல்ஃபா, பிராவோ என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்திருப்பது இதற்காகத்தான். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த மேலாளர் முன்னால் அப்படித் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

டீச்சர் இப்போது இல்லை. நான் சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறேன், வாரத்தில் இரண்டு சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வருகிறார்கள். 2021 முதல் எஸ்பிஎம் ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஒரு தாள், கேட்பதற்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வந்துவிட்டதால் பெற்றோருக்கும் இதில் அக்கறை வந்திருக்கிறது. சிலர் பிள்ளைகளை அமெரிக்கர் மாதிரிப் பேச வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. பொருளை மாற்றும் ஒலிகளை மட்டும் தொடுவேன், அவர்களுடைய ராகம் அவர்களுடையது, வாக்கியம் முடிவில் வரும் 'லா'வும் அவர்களுடையது. மலேசியப் பிள்ளை மலேசியப் பிள்ளையாகத்தான் பேசவேண்டும், பினாங்கைச் சொன்னால் பினாங்காகக் கேட்டால் போதும்.

போன வாரம் நாலாம் படிவம் படிக்கும் ஒரு பெண், குலை லாரி ஓட்டுபவரின் மகள், கரடி பேரிக்காயில் முதல்முறையாக இருபதுக்குப் பதினெட்டு எடுத்தாள், அதுவும் யாரோ முகம் தெரியாத கிழவர் ஒருவரின் குரலில். வீட்டுக்குப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆண்டி, பாம்புல ரெண்டு ப வேற வேறயா இருக்கு" என்றாள். நான் அவளுக்கு அதை இன்னும் சொல்லித் தந்திருக்கவில்லை. அடுத்த வாரம் வ, அதனால் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.